சின்னப் பிள்ளைகளோடு பூங்காவில் ஒரு நாள்: மலையகத்துப் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

முன்பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அம்மாக்களும் அப்பாக்களும், அவர்களைவிட அதிகமாக அப்பாயிகளும் அம்மாயிகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். இலங்கை மலையகத்தில் நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைப் பக்கத்துக் குளிருக்கும் மழைக்கும் மேட்டுக்கும் ஏற்ற பதில்கள் இவை. கீழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள் பொருந்தாது.

லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலிலேயே நாள் முழுக்க விளையாடுகிறார்கள். பூங்காவுக்கு எதற்குக் கூட்டிப் போக வேண்டும்?

வாசலில் பிள்ளை விளையாடுகிறது, உண்மைதான். ஆனால் அந்த வாசலில் நாம் அதனிடம் சொல்லிக்கொண்டே இருப்பது என்ன? "ஓடாதே, கானுக்குள்ள விழுவே", "படியில ஏறாதே", "அடுப்புப் பக்கம் போகாதே", "சத்தம் போடாதே, பக்கத்து வீட்டுல நைட் டியூட்டி பார்த்துட்டுத் தூங்குறாங்க." இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஓடுவதும் ஏறுவதும் கத்துவதும்தான் வேலை. அந்த வேலையைத் தடை இல்லாமல் செய்ய ஓர் இடம் வேண்டும். பெரிய புல்வெளியில் பிள்ளையை இறக்கிவிட்டுப் பாருங்கள், முதலில் அது செய்வது நேராக ஓடுவதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. ஒரு வயது முதல் நான்கு வயது வரையான பிள்ளைகள் ஒரு நாளில் மொத்தமாகக் குறைந்தது 180 நிமிடமாவது உடம்பை அசைத்து விளையாட வேண்டும் என்கிறது அது. மூன்று, நான்கு வயதுக்காரர்களுக்கு அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாடுகிற விளையாட்டாக இருக்க வேண்டும். ஒரேயடியாக அல்ல, நாள் முழுக்கச் சிறிது சிறிதாக. மழை மாதங்களில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் (அறைக்குள்) அடைந்து கிடக்கிற பிள்ளைக்கு இது கிடைப்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு) போகிற அம்மா விடியற்காலையில் பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விட்டுவிட்டு, கொழுந்து நிறுத்து முடித்து, சாயந்தரம் களைத்துப் போய் வாங்கிவருகிறாள். வந்ததும் சமையல், துணி, தண்ணீர். அந்தப் பிள்ளைக்கு, அம்மா கையில் வேலை எதுவும் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு பகல் எவ்வளவு பெரியது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமையில் பாதி நாள் கிடைத்தாலும் போதும்.

எங்கே போவது? நுவரெலியாவுக்குத்தான் போக வேண்டுமா?

வேண்டியதில்லை. நடந்தே போகக்கூடிய இடம் எதுவோ அதுதான் சின்னப் பிள்ளைக்கு நல்ல இடம் என்பது என் உறுதியான எண்ணம். தோட்டத்து மைதானம், பிரதேச சபையின் சிறுவர் பூங்கா, கோயில் முன்னால் உள்ள வெளி, ஹட்டனில் இருப்பவர்களுக்கு டன்பார் மைதானம். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் இடிபட்டுப் போய், அரை மணி நேரம் விளையாடி, மறுபடி இரண்டு மணி நேரம் இடிபட்டு வருகிற பயணத்தில் பெரியவர்களுக்குப் படம் கிடைக்கும், பிள்ளைக்குக் களைப்புத்தான் கிடைக்கும். அதே இடத்துக்கு அடிக்கடி போவதும் நல்லது. பழகிய இடத்தில் பிள்ளை பயம் இல்லாமல் புதியதைச் செய்து பார்க்கும்.

மைதானத்துக்குப் போகிற குறுக்குவழி தேயிலை மலைக்குள்ளால் போகுமானால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த மலைக்கு அண்மையில் மருந்து அடித்தார்களா என்று. அடித்திருந்தால் பிள்ளை செடியைத் தொட்டுக்கொண்டு நடக்க விடாதீர்கள், தார் ரோட்டில் சுற்றிப் போங்கள்.

தூரம் போவதென்றால் மூன்று இடங்களைச் சொல்வேன். நுவரெலியா விக்டோரியா பூங்கா டவுனுக்கு நடுவிலேயே இருக்கிறது. 1897இல் விக்டோரியா மகாராணி அரியணை ஏறி அறுபது ஆண்டு நிறைந்ததை ஒட்டி அந்தப் பெயர் வந்தது. பெரும்பாலும் சமதரையாக இருப்பதால் நடை பழகுகிற பிள்ளைக்கும் வயதானவர்களுக்கும் ஏற்றது. பஸ் நிலையத்தில் இருந்து நடந்தே போகலாம். ஹக்கலை தாவரவியல் பூங்கா பதுளை வீதியில் சீதா எலிய அம்மன் கோயிலைத் தாண்டி இருக்கிறது. 1861இல் கொய்னாப் பட்டை தருகிற சின்கோனா மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்காகத் தொடங்கிய தோட்டம். அழகான இடம்தான், ஆனால் மலைச்சரிவில் அமைந்ததால் ஏற்ற இறக்கம் அதிகம். நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். கண்டிப் பக்கம் இருப்பவர்களுக்குப் பேராதனை. 147 ஏக்கர், முழுவதையும் காட்ட வேண்டும் என்று நினைக்காதீர்கள். பெரிய புல்வெளியில் குடை போல விரிந்து நிற்கிற அந்த ஜாவா அத்தி மரம் ஒன்றே ஒரு காலைப்பொழுதுக்குப் போதும்.

இந்த மூன்று இடத்துக்கும் நுழைவுச் சீட்டு உண்டு. சில்லறையும் சின்ன நோட்டும் கையில் இருக்கட்டும்.

எந்த மாதம் நல்லது? எத்தனை மணிக்குப் போவது?

இது நீங்கள் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும்போது கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கம் விடாமல் பெய்யும். அதே நாட்களில் பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் வெயிலும் காற்றுமாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் இது தலைகீழாகி ஊவாப் பக்கம் நனையும். ஜனவரி கடைசியில் இருந்து மார்ச் தொடக்கம் வரை மேற்குச் சரிவுகளில் பகல் தெளிவாக இருக்கும், ஆனால் நுவரெலியாவில் சில நாள் விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும். அந்த நாட்களில் வெயில் ஏறி, புல் காய்ந்த பிறகு போங்கள்.

மார்ச் பிற்பாதி, ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காலை நன்றாக இருந்து மத்தியானத்துக்குப் பிறகு இடியோடு மழை கொட்டும். ஆகவே எந்த மாதமானாலும் காலையில் போய் மத்தியானத்தோடு திரும்புவது நல்லது. ஒன்பது மணிக்குப் போனால் பன்னிரண்டரை, ஒரு மணிக்குப் புறப்பட்டுவிடலாம். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள், கட்டிடத்துக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போய்விடுங்கள்.

ஏப்ரல் சீசன் நேரத்தில் நுவரெலியாவுக்குச் சின்னப் பிள்ளையைக் கொண்டுபோவதை நான் விரும்புவதில்லை. மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் பார்க்க ஊரே அங்கே இருக்கும். பெரியவர்களின் கால்களுக்கு நடுவில் நடக்கிற பிள்ளைக்குப் பூ எங்கே தெரியும்?

பலத்த மழைக்காலத்தில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும். உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்கோ போகிற வழிக்கோ மஞ்சள் நிற எச்சரிக்கை இருந்தாலே பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

பனி பட்டால் சளி பிடிக்காதா? எப்படி உடுத்துவது?

சளி வைரசால் வருகிறது, பனியால் அல்ல. ஆரோக்கியமான பிள்ளை பனிமூட்டத்தில் நடந்தால் ஒன்றும் ஆகாது. பிள்ளையை வாட்டுவது ஈரம்தான்: நனைந்த காலுறை, வியர்த்து நனைந்த உள்சட்டை, அதன்மேல் வீசுகிற காற்று. ஆகவே ஒரே ஒரு தடித்த கம்பளிச் சுவெட்டருக்குப் பதிலாக மெல்லிய பருத்திச் சட்டை, அதன்மேல் ஒரு நீளக்கை, அதன்மேல் சுவெட்டர், காற்றும் தூறலும் இருந்தால் ஒரு மழைக்கோட் என்று அடுக்குங்கள். ஓட ஆரம்பித்ததும் ஒன்றைக் கழற்றுங்கள், உட்கார்ந்ததும் போடுங்கள். கை கால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அவை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பின்கழுத்துக்குக் கீழே விரலை விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் போதும், வியர்த்திருந்தால் உடுப்பு அதிகம்.

கழுத்தில் சுற்றுகிற ஸ்கார்ஃப், நீளக் கயிறு தொங்குகிற தொப்பிச் சட்டை இரண்டையும் விளையாட்டு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். சறுக்கு மரத்தின் ஓரத்தில் கயிறு சிக்கினால் கழுத்தை இறுக்கும். குரங்குத் தொப்பி போதும். கழுத்தில் தாயத்துக் கயிறு இருந்தால், அன்றைக்கு மட்டும் அதைக் கழற்றி இடுப்பிலோ கையிலோ கட்டிவிடுங்கள். அப்பாயி முகம் சுளிக்கலாம், காரணத்தைப் பொறுமையாகச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்.

சுவெட்டரின் நிறத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். மூட்டம் இறங்கினால் இருபது அடிக்கு அப்பால் சாம்பலும் பச்சையும் கரைந்துவிடும். சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள் தெரியும்.

இரண்டு சோடி காலுறை, ஒரு மாற்று உடுப்பு, ஒரு துவாய். மற்றது எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இழுப்பு உள்ள பிள்ளையானால் பம்பும் ஸ்பேசரும்.

வெயில் சுடவே இல்லை. தொப்பி எதற்கு?

சுடாததால்தான் ஏமாறுகிறோம். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிரின் அளவு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. நுவரெலியா 1,868 மீட்டரில் இருக்கிறது. குளிர்காற்றில் பிள்ளையின் கன்னம் சிவந்து உரிவது பனியால் மட்டுமல்ல, வெயிலாலும்தான். விளிம்பு அகலமான தொப்பி, நீளக்கை. ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு முகத்துக்கும் புறங்கைக்கும் வெயில் கிரீம் பூசலாம். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு நிழல்தான்.

சாப்பாட்டுக்கு என்ன கொண்டுபோவது?

வீட்டில் பிள்ளை என்ன விரும்பிச் சாப்பிடுகிறதோ அதைத்தான். புதிய சாப்பாட்டைச் சோதித்துப் பார்க்கிற நாள் இதுவல்ல. ரொட்டியும் பருப்பும் மலையகத்துக்கு மிகப் பொருத்தமான பயணச் சாப்பாடு: ஆறினாலும் தின்னலாம், சிந்தாது, சீக்கிரம் கெடாது. கட்டச் சம்பலைப் பெரியவர்களுக்குத் தனியாக வையுங்கள். அவித்த பயறும் தேங்காய்ப்பூவும், அவித்த முட்டை, வாழைப்பழம், இட்லி எல்லாம் நல்லவை. சோறு கொண்டுபோனால் தேங்காய்ப்பால் கறி வேண்டாம், மூடிய டப்பாவுக்குள் மத்தியானத்துக்குள் புளிக்கும்.

கொதித்தாறிய தண்ணீர் வீட்டில் இருந்தே வரட்டும். பூங்காக் குழாய்த் தண்ணீரும் மலையில் இருந்து வருகிற பீலித் தண்ணீரும் பார்க்கத் தெளிவாக இருக்கும், பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். குளிரில் பிள்ளை தண்ணீர் கேட்காது, நீங்கள்தான் அடிக்கடி நீட்ட வேண்டும். ஒரு பிளாஸ்கில் சுடுதண்ணீர் இருந்தால் பால்மா கரைக்கவும் பெரியவர்களுக்குப் பிளேன்டீ போடவும் உதவும். அந்தப் பிளாஸ்க் பிள்ளையின் கைக்கு எட்டாமல் பைக்குள் இருக்கட்டும்.

கச்சான் (நிலக்கடலை) பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். எந்தப் பூங்கா வாசலிலும் கச்சான் வண்டி நிற்கும், பிள்ளையும் கேட்கும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுக் கச்சான், கடலை, முழுத் திராட்சை, உருண்டை டொஃபி கொடுக்காதீர்கள். ஓடிக்கொண்டே தின்கிற பிள்ளைக்கு மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். எதையும் உட்காரவைத்துக் கொடுங்கள்.

அடைத்துவிட்டால்? பிள்ளை இருமினால் இரும விடுங்கள். சத்தமே வராமல் திணறினால் ஒரு நொடியும் காத்திருக்க வேண்டாம். ஒரு வயதுக்குக் கீழே என்றால் முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வரவில்லையானால் நிமிர்த்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்தம். ஒரு வயதுக்கு மேலே என்றால் முன்னால் குனிய வைத்து முதுகில் ஐந்து தட்டு, பிறகு பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே கையைக் கோத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து அழுத்தம். பொருள் வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவரை 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரச் சொல்லச் சொல்லுங்கள். வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் தேடாதீர்கள், இன்னும் உள்ளே போகும்.

பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கிறான். என்ன செய்வது?

புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இலேசாகச் சாப்பிடக் கொடுங்கள். வெறும் வயிறும் கூடாது, வயிறு நிறையப் பாலும் கூடாது. முன் சீட்டில், ஜன்னலைத் திறந்து, தூரத்து மலையைப் பார்க்கப் பழக்குங்கள். போனைப் பார்த்துக்கொண்டு வந்தால் கட்டாயம் வாந்தி வரும். ரயில் இருக்கிற வழியானால் ரயிலில் போங்கள்.

ஆறு மாதக் கைக்குழந்தையையும் கூட்டிப் போகலாமா? மரத்தில் தொட்டில் கட்டலாமா?

கூட்டிப் போகலாம். பாயை விரித்து அதன்மேல் ஒரு தடித்த விரிப்பைப் போட்டுக் குப்புற விடுங்கள். இலை ஆடுவதைப் பார்த்துக்கொண்டே கழுத்தைத் தூக்கும். பாலூட்ட வெட்கப்பட வேண்டியதில்லை, ஒரு சால்வை போதும். மேடு பள்ளத்தில் தள்ளுவண்டி பாரமாகிவிடும், துணியால் மார்போடு கட்டிக்கொள்வதுதான் வசதி. முகம் தெரிய வேண்டும், தாடை நெஞ்சில் இடிபடக் கூடாது.

தொட்டில் விஷயத்தில் தாவரவியல் பூங்காக்களில் மரத்தில் கயிறு கட்டுவது சரியில்லை. அவை பாதுகாக்கப்படுகிற மரங்கள். தோட்டத்து மைதானத்தில் கட்டுவதானால் பச்சைக் கிளையாகப் பார்த்து, நிலத்தில் இருந்து ஓர் அடிக்கு மேல் உயராமல் கட்டி, ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சவுக்கு, யூக்கலிப்டஸ் மரத்தடி வேண்டாம், காற்றுக்குக் கிளை முறியும்.

ஊஞ்சல், சறுக்கு, சீசோ பாதுகாப்பா?

முதலில் நீங்கள் சுற்றிப் பாருங்கள். சங்கிலி துருப்பிடித்திருக்கிறதா, சீசோப் பலகையில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா, கீழே உடைந்த போத்தல் கிடக்கிறதா. மலையகத்தில் இரும்பு ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடிக்கும். மழை பெய்த மறுநாள் சறுக்கில் தண்ணீர் தேங்கி, பாசி பிடித்திருக்கும். துணியால் துடைத்துவிட்டு ஏற்றுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பயப்படுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர் சறுக்குவது, தனியாக விடுவதைவிட ஆபத்து. பிள்ளையின் பாதம் சறுக்கின் ஓரத்தில் பட்டு நிற்கும், பெரியவரின் பாரம் கீழே இழுக்கும், பிள்ளையின் முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறியும். பயந்தால் இன்றைக்கு வேண்டாம். பக்கத்தில் நின்று, கையைப் பிடித்துக்கொண்டு, பாதி உயரத்தில் இருந்து இறக்கிவிடுங்கள். அடுத்த முறை தானாக ஏறும்.

ஊஞ்சலுக்கு முன்னாலும் பின்னாலும் மற்றப் பிள்ளைகள் நடக்காமல் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கு ஊஞ்சலில் விழுவதைவிட ஊஞ்சல் இடிப்பதுதான் அதிகம்.

என்னென்ன விளையாட்டுச் சாமான் வாங்கிப் போவது? என்ன விளையாட வைப்பது?

ஒரு பந்து. மணல் இருந்தால் ஒரு பழைய யோகட் கோப்பை, ஒரு கரண்டி. வேறு எதுவும் வேண்டியதில்லை. இந்த வயதில் பிள்ளையை விளையாட "வைக்க" வேண்டியதில்லை, விட்டால் போதும். ஒரு குச்சியைக் குழிக்குள் விட்டு எடுத்து அரை மணி நேரம் இருக்கும். நத்தையைப் பார்த்து உட்கார்ந்துவிடும். அப்போது "வா, ஊஞ்சலாடலாம், காசு கொடுத்து வந்திருக்கோம்" என்று இழுக்காதீர்கள். எதைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதை அன்றைக்குப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். இந்தப் பதில்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

நான்கு ஐந்து பிள்ளைகள் சேர்ந்துவிட்டால் குலை குலையா முந்திரிக்காய், ஓடிப் பிடிச்சு, கண்ணாமூச்சி. தாத்தா வந்திருந்தால் அவருக்குத் தெரிந்த விளையாட்டைக் கேளுங்கள்.

போனை இரண்டு படம் எடுத்ததும் பைக்குள் போடுங்கள், பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்கிறது மேலே சொன்ன அதே வழிகாட்டல்.

அங்கே வருகிற சிங்களப் பிள்ளைகளோடு பேசத் தெரியாமல் ஒதுங்கி நிற்கிறாள்.

ஒதுங்கி நின்று பார்ப்பதும் விளையாட்டின் தொடக்கம்தான். மூன்று வயதுக்குள் பிள்ளைகள் ஒன்றாக விளையாடுவதில்லை, பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாகத்தான் விளையாடும். தள்ளிவிடாதீர்கள். நீங்கள் அந்தப் பிள்ளையின் அம்மாவைப் பார்த்துச் சிரித்து, ஒரு வாழைப்பழத்தை நீட்டுங்கள். பந்தை இரண்டு பேருக்கும் நடுவில் உருட்டிவிடுங்கள். பந்துக்கு மொழி தேவையில்லை. பெற்றோர் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளாமல் இருந்தால் பிள்ளைகள் சேர்ந்துவிடும்.

அட்டை கடித்தால்?

பயப்பட ஒன்றும் இல்லை. நம் நிலத்து அட்டையால் பெரிய நோய் எதுவும் பரவுவதில்லை. வாய் ஒட்டியிருக்கிற இடத்தில் நகத்தைச் சாய்வாக விட்டுத் தள்ளினால் விழுந்துவிடும். நெருப்பு வைக்காதீர்கள். இரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் சுரக்கிறது, அதனால் கொஞ்ச நேரம் ஒழுகும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கண்ணுக்குள்ளோ மூக்குக்குள்ளோ போய்விட்டால் இழுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலுறையை நீளக் காற்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டு, சவர்க்காரத்தைத் தடவிவிட்டால் பெரும்பாலும் ஏறாது.

குளவி?

அட்டைக்குப் பயப்படுகிற நாம் குளவிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். கொழுந்து மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை நம் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தெரியும், உயிர் போனதும் உண்டு. பாயை விரிப்பதற்கு முன்னால் தலைக்கு மேல் உள்ள கிளைகளையும், கட்டிடத்தின் ஓட்டு ஓரத்தையும், புதர் அடியையும் பாருங்கள். கூடு தெரிந்தால் இடத்தை மாற்றுங்கள், காவலாளியிடமும் சொல்லுங்கள். மேலே கல் எறிகிற பெரிய பிள்ளைகளை உடனே நிறுத்துங்கள். இனிப்புப் பானத்தைத் திறந்து வைக்காதீர்கள்.

ஒன்றிரண்டு சுற்றினால் கையை வீசாமல் மெதுவாக விலகுங்கள். கூட்டமாகக் கிளம்பினால் பிள்ளையின் முகத்தையும் தலையையும் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு ஓடி, கதவு உள்ள இடத்துக்குள் போங்கள். தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். கொட்டிய இடத்தைக் கழுவி, குளிர்ந்த துணி வையுங்கள். தேனீயானால் கொடுக்கு உள்ளே நிற்கும், நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். முகம், உதடு வீங்கினாலோ, உடம்பு முழுக்கத் தடித்தாலோ, மூச்சு இழுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, பல இடத்தில் கொட்டியிருந்தாலோ 1990. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். சுண்ணாம்பு தடவிக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள்.

நாய், குரங்கு?

ஹக்கலையில் குரங்குகள் பையைப் பறிக்கும். சாப்பாட்டைக் காட்டாதீர்கள், கொடுக்காதீர்கள், கண்ணை நேருக்கு நேர் பார்க்காதீர்கள். தூங்குகிற நாயையும் குட்டி போட்ட நாயையும் பிள்ளை நெருங்க விடாதீர்கள்.

கடித்தாலோ கீறினாலோ, சிறு கீறல்தானே என்று விடக் கூடாது. விசர் நோய் (வெறிநாய்க்கடி நோய்) வந்தபின் மருந்து இல்லை, வருமுன் தடுக்க மட்டுமே முடியும். ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். பிள்ளையின் தடுப்பூசிப் பதிவுப் புத்தகத்தையும் கொண்டுபோங்கள்.

பூ, காய் பறித்து வாயில் வைக்கிறது.

மலையகத்தில் முக்கியமாக அடையாளம் தெரிய வேண்டியது ஊமத்தை இனத்து மரம் ஒன்று. ரோட்டோரத்திலும் தோட்டங்களிலும் வெள்ளையாக, இளஞ்செம்மஞ்சளாக, நாதஸ்வர வாய் போல விரிந்து கீழ்நோக்கித் தொங்கும். மிக அழகு, ஆனால் பூ, இலை, விதை எல்லாம் நஞ்சு. அரளியும் அப்படியே. உண்ணிச்செடியின் பச்சைக் காயும் கூடாது. எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், அந்தச் செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நுவரெலியா கிரகரி வாவிக்கரையில் உட்காரலாமா?

உட்காரலாம், கை எட்டும் தூரத்தில் பிள்ளை இருந்தால். "பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்" என்பது போதாது. சின்னப் பிள்ளை சத்தம் போடாமல் மூழ்கும், முழங்கால் அளவு தண்ணீரும் போதும். ஆற்றோரம், ஓடையோரம் போகவே வேண்டாம். மேலே மலையில் பெய்கிற மழை கீழே உங்களுக்குத் தெரியாது, தண்ணீர் திடீரென்று ஏறும்.

கூட்டத்தில் தொலைந்துவிட்டால்?

உள்ளே நுழைந்ததும் யார் எந்தப் பிள்ளையைப் பார்ப்பது என்று வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு பத்துப் பேர் போகிற நாளில்தான் பிள்ளை தொலையும், எல்லோரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைப்பதால். பிள்ளையின் முன்கையில் உங்கள் போன் இலக்கத்தைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

நம் பிள்ளைகளிடம் வீடு எங்கே என்று கேட்டால் "மேல் லயம்" என்று சொல்லும். அது டவுனில் யாருக்கும் புரியாது. மூன்றரை வயதில் இருந்தே தன் பெயர், அப்பா அம்மா பெயர், தோட்டத்தின் பெயர், டிவிசன், இவற்றைப் பாட்டுப் போலச் சொல்லப் பழக்குங்கள். காணவில்லை என்றால் முதலில் தண்ணீர் இருக்கிற பக்கம் தேடுங்கள், அடுத்து வாசல். ஒருவர் கடைசியாக நின்ற இடத்திலேயே நிற்கட்டும். காவலாளியிடம் சொல்லத் தாமதிக்க வேண்டாம், பிறகு பொலிஸ் 119. சிறுவர் பாதுகாப்புக்கு 1929.

கழிவறை?

போனதும் முதலில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர்ப் போத்தல் ஒன்று, சவர்க்காரத் துண்டு ஒன்று கையில் இருக்கட்டும். பெம்பர்ஸைப் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். புதருக்குள் எறிந்தால் நாய் இழுத்துப் போடும்.

வீட்டுக்குப் போகலாம் என்றால் தரையில் விழுந்து அழுகிறான்.

நன்றாக விளையாடிய பிள்ளை அழத்தான் செய்யும். "பூச்சாண்டி பிடிப்பான்", "பொலிஸ் வருது" என்று பயம் காட்டாதீர்கள், தொலைந்தால் அந்தப் பொலிஸ்காரரிடம்தான் போக வேண்டும். புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே "இன்னும் அஞ்சு தரம் சறுக்கிட்டுப் போவோம்" என்று சொல்லி, கூடவே எண்ணுங்கள். ஐந்துக்குப் பிறகு ஆறு கொடுக்காதீர்கள். ஈர உடுப்பை மாற்றி, கையில் ஒரு ரொட்டித் துண்டைக் கொடுத்தால் பஸ் ஏறுவதற்குள் தூங்கிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிப்பது?

சுடுதண்ணீரில் குளிப்பாட்டும்போது உடம்பு முழுக்கப் பாருங்கள்: விரலிடுக்கு, அக்குள், தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்னால், தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால். அட்டை விட்ட காயம், முள், உண்ணி. உண்ணி ஒட்டியிருந்தால் தோலுக்கு மிக அருகில் சிறு இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள், நசுக்காதீர்கள். அடுத்த நாட்களில் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு அழுதால் காதுக்குள் உண்ணி போயிருக்கலாம். எண்ணெய் விட்டுக் குடைய வேண்டாம், காது மூக்குத் தொண்டைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வயிற்றால் போனால் ஜீவனியை (உப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொடியை) கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துருப்பிடித்த இரும்பு கிழித்திருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தடுப்பூசிப் புத்தகத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு, நான்கு, ஆறு மாதத்திலும் பதினெட்டு மாதத்திலும் போட்ட ஊசிகளில் ஏற்புவலி மருந்தும் சேர்ந்திருக்கிறது, ஆனால் விட்டுப் போயிருந்தால் அவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தலை அடிபட்டு விழுந்த பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, காலையாகட்டும் என்று காத்திருக்காமல் இரவோடு இரவாகப் போய்விடுங்கள்.